பில் நம்பர் 1847

உங்கள் சட்டைப் பையில் ஏதாவது கடை பில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மேலே ஒரு நம்பர் இருக்கும். விலையைப் பார்ப்போம், தள்ளுபடியைப் பார்ப்போம். அந்த நம்பரை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. போன மாதம் அப்படி ஒரு நம்பரால் ஒரு பெண்ணுக்கு வேலையே போகப் பார்த்தது.

கோவை ஆவாரம்பாளையத்தில் என் நண்பர் பம்ப்செட் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். ஒரே கம்ப்யூட்டரில் பில் போட்டவரை தொல்லையில்லை. வியாபாரம் பெருகி இரண்டாவது கவுன்ட்டர் போட்டார். வந்தது வினை. இரண்டு வாடிக்கையாளர்கள் கையில் ஒரே நம்பர் பில்!

எப்படி? 'கடைசி பில் 1200' என்று இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நொடியில் பார்க்கின்றன. இரண்டும் ஒன்றைக் கூட்டி 1201 போட்டுவிடுகின்றன. கூட்டல் சரிதான். பக்கத்து கவுன்ட்டரும் அதே கூட்டலைப் போடுவது தெரியவில்லை, அவ்வளவுதான்.

பி.காம். படித்தவன் என்பதால் சொல்கிறேன், இது சின்ன விஷயமில்லை. 2017-ல் வந்த ஜி.எஸ்.டி. விதிகளில் 46-வது விதிப்படி, பில் நம்பர் வரிசையாக வரணும், 16 எழுத்தைத் தாண்டக் கூடாது, ஒரு நிதியாண்டில் ஒரு நம்பர் ஒரு முறைதான். வாங்கியவர் வரியைக் கழித்துக்கொள்வதும் அந்த நம்பரை வைத்துத்தான்.

புரோகிராமர் தம்பி வந்தார். பில் திரையைத் திறந்ததுமே ஒரே இடத்திலிருந்து நம்பர் கிடைக்கிற மாதிரி மாற்றினார். இரட்டை நம்பர் நின்றது. ஆனால், இப்போது ஓட்டை விழுந்தது. "ஊட்டுல கேட்டுட்டு வர்றேனுங்க" என்று வாடிக்கையாளர் கிளம்பினால், எடுத்த நம்பர் போச்சு. கரன்ட் போனாலும் போச்சு.

ஒருநாள் சாயங்காலம் 1846-க்கு அடுத்து 1848. நடுவில் இருந்தது எங்கே? கல்லாப் பணம் சரியாகத்தான் இருந்தது. ஆனால், பில்லையும் அழித்துப் பணத்தையும் எடுத்திருந்தால் கணக்கு சரியாகத்தானே வரும்? நண்பரின் சந்தேகம் கவுன்ட்டர் பெண் மேல் விழுந்தது. "நானெதுக்குங்கண்ணா அழிக்கப் போறேன்?" என்று அந்தப் பெண் அழுதபோது நானும் அங்கேதான் இருந்தேன்.

எனக்கு 1999 தீபாவளி ஞாபகம் வந்தது. ஒப்பணக்கார வீதி ஜவுளிக்கடை ஒன்றில் பகுதிநேர வேலை. கார்பன் வைத்து பில் எழுதணும். தப்பாகப் போன ஒரு தாளைக் கிழித்துக் கசக்கி எறிந்துவிட்டேன். கணக்குப்பிள்ளை குப்பைக்கூடையைக் கிளறி, தாளை நீவி, குறுக்கே 'ரத்து' என்று எழுதி, புத்தகத்திலேயே ஒட்டினார். "தப்பாப் போட்டாத் தப்பில்ல கண்ணு. தாளக் காணோம்னாத்தான் தப்பு" என்றார். அங்கே ஒவ்வொரு கவுன்ட்டருக்கும் தனித்தனி பில் புத்தகம். ஒருத்தர் நம்பரில் இன்னொருத்தர் கை வைக்கவே முடியாது.

பெரிய இடத்திலும் இதே கதைதான். ட்விட்டர் 2010-ல் 'ஸ்னோஃப்ளேக்' என்றொரு முறையைக் கொண்டுவந்தது. நேரம், எந்த மெஷின் என்ற எண், அந்த மெஷினின் வரிசை எண் மூன்றையும் சேர்த்து ஒரே நம்பர். நம்ம ஜவுளிக்கடையின் தனித்தனி புத்தகம்தானே அது? ஆனால், அங்கே நடுவில் நம்பர் விட்டுப்போனால் யாரும் கேட்கப் போவதில்லை. நம்ம பில்லுக்கு ஆடிட்டர் கேட்பார்.

கணக்குப்பிள்ளை கதையைத் தம்பியிடம் சொன்னேன். அவர் மறுபடி மாற்றினார். இப்போது பில்லைச் சேமிக்கிற அந்தக் கடைசி நொடியில்தான் நம்பர் விழும். நம்பரும் பில்லும் சேர்ந்தே பதிவாகணும், இல்லாவிட்டால் இரண்டுமே கிடையாது. அதுவரை பக்கத்து கவுன்ட்டர் கண்சிமிட்டும் நேரம் காத்திருக்கும். ஒரே நம்பர் இரண்டாம் முறை வந்தால் டேட்டாபேஸே ஏற்காது. வேண்டாத பில்லை அழிக்க முடியாது, 'ரத்து' என்று நிற்கும். ஜி.எஸ்.டி. ரிட்டர்னிலேயே எந்த நம்பரிலிருந்து எது வரை, ரத்தானது எத்தனை என்று கேட்கிறார்கள். ஆகவே, ரத்து ஒன்றும் அவமானமில்லை.

1847? பதிவேட்டைத் தோண்டினார் தம்பி. திரையைத் திறந்த சில நொடிகளில் கரன்ட் போயிருக்கிறது. ஒரு பொருள்கூட ஏற்றவில்லை.

"மனசுல வெச்சுக்காத கண்ணு" என்றார் நண்பர். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் போனபோது கவனித்தேன். போடுகிற ஒவ்வொரு பில் நம்பரையும் ஒரு குட்டி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது. "அதான் கம்ப்யூட்டர் சரியாயிடுச்சேம்மா?" என்றேன்.

"கம்ப்யூட்டர் சரியாயிடுச்சுங்க. நோட்டு என்ர கிட்ட இருக்கட்டுங்க!"