ஆவடித் தீர்மானமும் உப்பளத் தொழிலாளியும்

நியூயார்க் மேயராக 2025 நவம்பரில் ஸொஹ்ரான் மம்தானி தேர்ந்தெடுக்கப்பட்டதை, முஸ்லிம் ஒருவரின் வெற்றியாகக் கண்டு கூனிமேட்டில் நாம் மகிழ்ந்தோம். அவர் ஜனநாயக சோஷலிஸ்ட். எனினும் ஜனநாயகக் கட்சி என்னும் பெருங்கட்சியின் வேட்பாளராகவே நின்றார். வாடகை உயர்வை நிறுத்துதல், கட்டணமில்லாப் பேருந்து, குழந்தைப் பராமரிப்பு ஆகியன அவர் அளித்த வாக்குறுதிகள்.

பெருங்கட்சிக்குள் சோஷலிஸ்டுகள் இயங்குவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1934இல் காங்கிரசுக்குள்ளேயே காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி தோன்றியது. அதைத் தோற்றுவித்தோருள் ஒருவரான யூசுஃப் மெஹரலி 1942இல் பம்பாய் மேயரானார். 1948இல் சோஷலிஸ்டுகள் காங்கிரசை விட்டு வெளியேறினர். ஆயினும் 1955இல் நம் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே இலக்கு எனத் தீர்மானித்தது. ஆட்கள் நீங்கியபின்னும் அவர்களின் சொல் அக்கட்சியில் நிலைத்தது.

அச்சொல் உழைப்பவர் வாழ்வை எட்டியதா என்பதே நம் கவலை. மரக்காணம் உப்பளங்களில் ஐப்பசி மழைக்குப் பாத்திகள் மூழ்கிவிட்டால் வேலையில்லை. வேலையில்லையெனில் கூலியும் இல்லை. உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கலாகாது என நபிகளார் (ஸல்) கற்பித்தார்கள். செல்வரின் பொருளில் வறியவர்க்கு உரிமை உண்டு என்பதும் மார்க்கம் காட்டும் நெறியே.

ஆகவே வாக்குக் கேட்டு வருவோரிடம், அவர் எக்கட்சியினர், எச்சமுதாயத்தினர் என்பதோடு நில்லாமல், மழை மாதங்களில் உப்பளத் தொழிலாளியின் அடுப்பு எரிய என்ன செய்வீர்கள் என்றும் கேட்போம். ஸதகா வழங்கும்போது அதே கேள்வியை நம்மிடமும் கேட்டுக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.