அளவோடு நிற்கும் அனுமதி

திருப்பூரில் இரவு என்று ஒன்று தனியாக இல்லை. நிட்டிங் எந்திரங்கள் விடியுமட்டும் சுழல்கின்றன. ஒன்றரை ஷிப்ட் முடித்துத் திரும்புவோரும் இரவு ஷிப்டுக்குச் செல்வோரும் ஒரே தெருவில் எதிர்ப்படுகின்றனர். இத்தகைய ஊரில் உறக்கத்தை மாத்திரையில் தேடும் வழக்கம் நம் குடும்பங்களுக்குள்ளும் நுழைந்திருப்பதில் வியப்பில்லை.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரின் தாயார், கணவரை இழந்து இத்தா இருந்த நாட்களில் உறக்கமின்றித் தவித்தார். மருத்துவர் இரண்டு வாரங்களுக்கென அல்பிரசோலம் எழுதிக் கொடுத்தார். வாரங்கள் கழிந்தன, பழைய சீட்டு மட்டும் கழியவில்லை. அதைக் காட்டியே ஈராண்டுகள் வாங்கி உட்கொண்டார். ஒன்று இரண்டாயிற்று. 'இது பழக்கமாகிவிடும்' என்று யாரோ சொல்லக் கேட்ட மகன், தாய்மீது கொண்ட அன்பினால் மாத்திரைகள் அனைத்தையும் ஒரே நாளில் எறிந்துவிட்டார். மூன்றாம் நாள் தாயாருக்குக் கைகள் நடுங்கின. அன்றிரவே வலிப்பு கண்டது. மருத்துவமனையில் அதே வகை மருந்தைக் கொடுத்தே அவரைக் காப்பாற்றினார்கள். பின்னர் பல மாதங்களில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார்கள்.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? மூளையில் 'காபா' என்னும் இயற்கைப் பொருள் நரம்புகளின் வேகத்தைத் தணிக்கிறது. டயஸெபாம், குளோனஸெபாம், அல்பிரசோலம் முதலிய பென்ஸோடயஸெபின் மருந்துகள் அதன் வேலையை மிகுதிப்படுத்துகின்றன. நாள்பட உண்ணும்போது மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. மருந்து திடீரென நின்றால், கடிவாளம் அறுந்த குதிரையாக நரம்புகள் பாய்கின்றன.

நிர்ப்பந்தத்தால் கிடைக்கும் அனுமதி அந்நிர்ப்பந்தத்தின் அளவோடு நின்றுவிடும் என்பது ஃபிக்ஹுக் கலையின் விதி. இம்மருந்துகளுக்கு இதைவிடப் பொருத்தமான விதியை நான் அறியேன். இவை ஹராமான போதைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. உரிய நோய்க்கு உரிய காலம் உண்பதில் குற்றமும் இல்லை. அந்த அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொற்படியே நடைபெற வேண்டும்.

அரசின் சட்டமும் இதனையே நாடுகிறது. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையிலுள்ள ஹெச்-1 அட்டவணையின்படி, இவற்றுள் அல்பிரசோலம், டயஸெபாம் போன்றவற்றை விற்கும் மருந்துக் கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் காக்க வேண்டும். பழைய சீட்டுக்கு மருந்து தர மறுக்கும் கடைக்காரரிடம் நாம் சினம் கொள்ளலாகாது. அவர் நமக்கு நன்மையே செய்கிறார்.

இல்லத்தார் சிலவற்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். ஒருவருக்கு எழுதிய மாத்திரையை மற்றவருக்குக் கொடுக்கலாகாது. இருமல் மருந்து, கடும் வலி மாத்திரை, மது ஆகியவற்றோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும். முதியவர்கள் இரவில் ஒளூச் செய்ய எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிய இது காரணமாகலாம். மயக்கம் தெளியாத காலையில் கட்டிங் எந்திரத்தின் முன் நிற்பதும் வண்டி ஓட்டுவதும் ஆபத்து. கருவுற்ற பெண்கள் மருத்துவரிடம் முன்னதாகவே தெரிவித்துவிட வேண்டும்.

உறக்கமின்மைக்கு வேரான கவலையைப் பேசித் தீர்க்க, 2022 முதல் இயங்கும் டெலி-மானஸ் என்னும் அரசின் இலவசத் தொலைபேசி எண் 14416 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம். அதற்கும் முன்பாக, துயருற்ற வீட்டுக்கு மூன்று நாட்கள் மட்டும் சென்று திரும்பிவிடாமல், நாற்பது நாட்கள் கழிந்தபின்னும் ஒருமுறை சென்று, 'இரவில் உறங்குகிறீர்களா?' என்று நாம் கேட்போமாக.