மண்ணெண்ணெய் குடிச்ச ஏ40

கனநாளாய் எழுதவேணும் எழுதவேணும் என்று நினைத்துத் தள்ளிப்போட்ட விசயம் இது. போன கிழமை தெர்மோ வகுப்பில் நடந்த ஒரு சின்னச் சம்பவத்தால் இண்டைக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்னோட படிக்கிற ஆக்களுக்கு முதற்பாதி தெரியும். சிரித்தவையளும் நீங்கள்தானே :)

எஞ்சின் தட்டுறதைப் பற்றிச் சேர் படிப்பித்துக்கொண்டிருந்தார். இடையில் நிறுத்தி, "சரி, பெற்றோல் காருக்கு மண்ணெண்ணெய் ஊத்தினால் என்ன நடக்கும்?" என்று கேட்டார். வகுப்பு முழுக்க ஒரே குரலில் "எஞ்சின் போயிடும் சேர்". நான் மட்டும் "ஓடும் சேர்" என்றேன். பின்வாங்கில் இருந்து ஒரு ஊளை. சேர் மட்டும் சிரிக்கவில்லை. "என்ன கார்?" என்று கேட்டார். "ஒஸ்ரின் ஏ40 சேர்." அவர் கொஞ்சநேரம் என்னைப் பார்த்துவிட்டு, "நீர் யாழ்ப்பாணமோ?" என்றார். அவ்வளவுதான், பாடம் தொடர்ந்தது. எனக்குத்தான் அதற்குப் பிறகு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

எங்கட வீட்டில் ஒரு ஏ40 நின்றது. 1953ஆம் ஆண்டு மொடல். இங்கிலாந்தில், பேர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் லோங்பிரிட்ஜ் என்ற இடத்தில் இருந்த ஒஸ்ரின் தொழிற்சாலையில் செய்தது. அதன் முழுப்பெயர் ஏ40 சொமர்செற். ஒஸ்ரின்காரர் அந்தக் காலத்தில் கார்களுக்கு டெவன், டோர்செற், ஹெரிபோர்ட் என்று தங்கட ஊர்ப்பெயர்களாய் வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கட பக்கம் ஒருத்தரும் சொமர்செற் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஏ போட்டி. முடிஞ்சுது.

இந்தக் கார்கள் இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு பிரித்தானியாவிடம் காசில்லை. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிற கம்பனிக்குத்தான் உருக்கு என்று அந்த அரசாங்கம் சொல்லிவிட்டது. அதனால் இங்கிலாந்துக்காரன் தன் காருக்கு வரிசையில் காத்திருக்க, கார்கள் கப்பலேறி உலகமெங்கும் போயின. கொழும்புக்கு வந்து இறங்கினதில் ஒன்று, கைமாறிக் கைமாறி 1971இல் என்ர அப்பப்பாவிடம் வந்து சேர்ந்தது. நம்பர்பிளேற்றில் ஆங்கில எழுத்துத்தான். 1957இல் ஸ்ரீ எழுத்து வந்து, அதை எதிர்த்து எங்கட பக்கத்தில் தார் பூசல் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். "என்ர கார் அதுக்கும் மூத்தது" என்று அப்பப்பா பெருமையாய்ச் சொல்லுவார். ஏதோ தானே லோங்பிரிட்ஜில் போய் நின்று செய்வித்த மாதிரி.

அவர் ஹயர் ஓடினவர். கலியாணம், சாமத்தியவீடு, நல்லூர்த் திருவிழா, ஆஸ்பத்திரி. முன்சீற் வாங்கு மாதிரி ஒரே நீட்டு. கியர் ஸ்ரேறிங்குக்குப் பக்கத்தில் இருக்கிறதால் முன்னுக்கு மூன்று பேர் தாராளமாய் இருக்கலாம். பின்னுக்கு மூன்று பேர் என்பது கணக்கு, ஏறுகிறது எத்தனை என்பது குடும்பத்தைப் பொறுத்தது. பொனற்றின் நுனியில் செட்டை விரித்த மாதிரி ஒரு 'ஏ' எழுத்து. சின்ன வயதில் அதைப் பிடித்து இழுத்து நான் வாங்கின அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. திரும்புகிற நேரம் கதவுகளுக்கு இடையில் இருந்து ஒரு சின்னக் கை வெளியில் நீளும், அதுதான் சிக்னல். எங்கட காரில் வலப்பக்கக் கை வேலை செய்யாது. அதனால் அப்பப்பா தன்ர கையையே நீட்டுவார்.

சரி, மண்ணெண்ணெய்க் கதைக்கு வருவோம்.

1990இல் யுத்தம் திரும்பத் தொடங்க, வடக்குக்குப் பெற்றோல், பற்றரி எல்லாம் தடை. கரண்டும் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம். அந்த நேரத்தில் கொஞ்சம் புதிய யப்பான் கார்கள் மாட்டுக்கொட்டிலில் முடங்க, ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் என்று கிழட்டுக் கார்கள் மட்டும் றோட்டில் புகைவிட்டுக்கொண்டு திரிந்தன. ஏன் என்று சின்ன வயதில் அப்பப்பாவைக் கேட்டால், "வெள்ளைக்காரன்ர இரும்பு தம்பி, இரும்பு" என்பார். இரும்பில்லை என்று இப்ப தெரியும். சொமர்செற்றின் எஞ்சின் 1200 சிசி, 42 குதிரைவலு. காற்றையும் எரிபொருளையும் அது நெரிக்கிற அளவு ஏழுக்கு ஒன்று, கொஞ்சம் கூட. இண்டைய கார்களில் அது பத்துக்கு மேலே. யுத்தம் முடிந்த நேரம் பிரித்தானியாவில் கிடைத்த பெற்றோலே தரம் குறைந்தது, அதற்கு ஏற்றமாதிரித்தான் எஞ்சினையும் செய்தார்கள். நல்லாய் நெரிக்கத் தெரியாத எஞ்சின் என்றபடியால் மோசமான எண்ணெயையும் அது பொறுத்துக்கொண்டது. சேர் கரும்பலகையில் கீறின கோட்டில் எங்கட கார் எந்த மூலையில் நிற்கும் என்று எனக்கு அப்பத்தான் விளங்கினது.

ஆனால் சும்மா ஊத்தினால் ஓடாது. மண்ணெண்ணெய் குளிர் எஞ்சினில் ஆவியாகாது. அதால் பொனற்றுக்குள்ளே ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல், அதில் இருந்து காபுறேற்றருக்கு ஒரு ரியூப். பெற்றோல் தங்கம் மாதிரி, சொட்டுக் கணக்கில்தான். நல்ல பற்றரி இல்லையே, அதால் முன்னுக்கு நின்று ஹாண்டில் போட்டுச் சுற்றவேணும். அது திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும். பெருவிரலை ஹாண்டிலைச் சுற்றி மடிக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்துப் பிடிக்கவேணும் என்பது அப்பாவுக்கு எழுத்துப் படிக்க முதல் படிப்பித்த பாடமாம். எஞ்சின் சூடாகினபிறகு மெதுவாய் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேணும். தட்டினால் டிஸ்ரிபியூற்றரைக் கொஞ்சம் திருப்பிவிடவேணும். நிறுத்தமுதல் திரும்பவும் கொஞ்சம் பெற்றோலில் ஓடவிடவேணும், இல்லாட்டி அடுத்தநாள் காலமை அழுகைதான். பிளக்கைக் கழட்டிக் கழட்டி மட்டத்தாளால் தேய்க்கவேணும். மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி ஒயில் தண்ணியாய்ப் போகும். பின்சீற்றில் இருக்கிற ஆக்களுக்குக் கண் எரியும். இவ்வளவும் தாண்டித்தான் ஒரு கலியாணப் பொம்பிளை கோயிலுக்குப் போய் இறங்கவேணும். கூறைச்சீலை எல்லாம் மண்ணெண்ணெய் மணத்தோடு.

இந்தக் கதைகளைச் சொல்லேக்க அப்பப்பா சிரித்துச் சிரித்துத்தான் சொல்லுவார். ஒரு கதையை மட்டும் அவர் சொன்னதே இல்லை. அது அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிடச்சொல்லி லவுட்ஸ்பீக்கரில் அறிவித்த இரவு. மழை. லட்சக்கணக்கான சனம் ஒரே நேரத்தில் செம்மணிப் பக்கமாய் இறங்கின றோட்டில் எங்கட காரும் இறங்கினது. உள்ளுக்குப் பதினொரு பேர், முக்கால்வாசி கிழவிகளும் குழந்தைகளும். டிக்கிக்குள் இரண்டு மூட்டை அரிசியும் அப்பம்மாவின் தையல் மெசினும். அப்பாவும் சித்தப்பாவும் பின்னால் நடை. கொக்குவிலில் இருந்து சாவகச்சேரி இருபது கிலோமீற்றர் வராது. அடுத்தநாள் மத்தியானம் தாண்டித்தான் போய்ச் சேர்ந்தார்களாம். முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து ரேடியேற்றர் கொதிக்கும். நிறுத்தினால் திரும்ப ஸ்ராட் பண்ணப் பெற்றோல் இல்லை. அதால் நிறுத்தாமல், பாதித்தூரம் தள்ளித் தள்ளி.

நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட ஒரு வயசுபோன ஐயா காருக்குப் பக்கத்தில் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். சைக்கிள் கரியரில் பெண்சாதி, சீலையால் கட்டி இருத்தியிருக்கு. "தம்பி, இவவை மட்டும் ஏத்துங்கோ. நான் நடந்து வாறன்." அப்பப்பா திரும்பிப் பார்க்காமல், "இடமில்லை ஐயா" என்றாராம். அந்த ஐயா இன்னும் கொஞ்சத்தூரம் கதவைப் பிடித்தபடியே வந்து, பிறகு கையை எடுத்துவிட்டார்.

இடம் இல்லைத்தான். ஆனால் மெசினை இறக்கியிருந்தால் டிக்கியைத் திறந்துவிட்டு ஒரு ஆளை இருத்தியிருக்கலாம் என்று அப்பா சொல்லுவார். சொல்லிப்போட்டு, அந்த மெசினில் தைச்சுத்தான் சாவகச்சேரியில் ஆறு மாதம் சாப்பிட்டது என்றும் சொல்லுவார். இரண்டையும் ஒரே மூச்சில். எனக்கு இதில் தீர்ப்புச் சொல்லத் தகுதி இல்லை. நான் பிறக்கவும் இல்லை.

1996இல் ஊருக்குத் திரும்பி வந்த நாளில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போற ஹயருக்கு அப்பப்பா ஒருத்தரிடமும் ஒரு சதம் வாங்கினதில்லை. நடுச்சாமத்தில் வந்து தட்டினாலும் எழும்பிப் போவார். ஊரில் அதை அவருடைய குணம் என்று சொன்னார்கள். காசு மிஞ்சாது என்று அப்பம்மா புறுபுறுப்பா, ஆனால் போகவேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

2018இல் எனக்கு ஓடப் பழக்கினதும் அந்தக் காரில்தான். அப்ப அவருக்கு வலக்கண் சரியாய்த் தெரியாது, பக்கத்தில் இருந்து சத்தத்தை மட்டும் கேட்டுச் சொல்லுவார். முதல் கியரை ஓடேக்க போடேலாது, பல்லு கத்தும். "கிளச்சை மிதி, விடு, கொஞ்சம் அக்சிலேற்றர், திரும்ப மிதி. அவசரப்படாதை மோன், அவளுக்கு எழுபது வயசாகப் போகுது." ஸ்ரேறிங்கை நாலு விரல்கடை திருப்பினபிறகுதான் சில்லு யோசிக்கத் தொடங்கும். பிறேக்கை அடுத்த ஒழுங்கையில் நிற்கிறதுக்கு இந்த ஒழுங்கையிலேயே மிதிக்கவேணும். இப்ப நண்பரின் புதுக்காரை ஓடினால் எனக்கு ஒரு காரும் ஓடின மாதிரி இல்லை, ரீவி பார்த்த மாதிரி இருக்கு.

அப்பப்பா 2021இல் போய்விட்டார். அடுத்த வருசம் நாடு முழுக்கப் பெற்றோல் வரிசை. "பேசாமல் ஏ40யை மண்ணெண்ணெயில எடுப்பம்" என்று அப்பா பகிடியாய்ச் சொன்னார். மண்ணெண்ணெய்க்கும் வரிசை என்று அடுத்தநாள் தெரிந்தது. தடை இருந்த காலத்திலும் ஓடின கார், 2022இல் கொட்டிலுக்குள் நின்றது. கோழி ஒன்று பின்சீற்றில் முட்டை இட்டது. அந்த வருசத்துக் கடனோடு என்ர படிப்புச் செலவும் சேர, 2023இல் கொழும்பில் இருந்து ஒருவர் வந்து காரைப் பார்த்தார். பழைய கார் சேர்க்கிற ஆள். நல்ல மனுசன். மக்காட்டைத் தட்டிப் பார்த்து, பொனற்றைத் திறந்து பார்த்து, கடைசியில் அப்பாவிடம் கேட்டார், "இதுக்கு எப்பவாவது மண்ணெண்ணெய் பாவிச்சதோ?"

அப்பா பொய் சொல்லுவார் என்றுதான் நான் நினைத்தேன். விலை குறைந்துவிடுமே. "பன்ரெண்டு வருசம்" என்றார் அப்பா. விலை குறைந்துதான் போனது.

லொறியில் ஏற்ற ஒழுங்கை முகப்புவரைக்கும் நான்தான் ஓடிக்கொண்டு போனேன். இருநூறு மீற்றர் வராது. இரண்டாம் கியர்கூடத் தேவைப்படவில்லை. அப்பம்மா வாசலுக்கு வரவில்லை, உள்ளே மெசின் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தக் காரை வித்த காசில் வாங்கின லப்ரொப்பில்தான் இதை ரைப் பண்ணுகிறேன், அதையும் சொல்லிவிடவேணும்.

முதல்நாள் காரைத் துடைக்கேக்க சீற்றுக்குக் கீழே அந்தப் பெற்றோல் போத்தல் கிடைத்தது, ரியூப்போடு. அதை வாங்கினவரிடம் கொடுக்கவில்லை. இப்ப அது என்ர ஹொஸ்ரல் அலுமாரியில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் இன்னும் மணக்குது. அறைத்தோழன் இரண்டுதரம் எறியச்சொல்லிவிட்டான். மச்சான், நீ இதை வாசிக்கிறாய் என்று தெரியும், அதை எறியமாட்டன்.