பேட்டரியின் ஜாதகம்

இராசிபுரம், 20 ஏப்ரல் 2025, ஞாயிறு (விசுவாவசு, சித்திரை 7)

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் ஏறக்குறைய நடுவில் குடியிருப்பவனுடைய பிரயாணங்கள் பெரும்பாலும் அவ்விரண்டு ஊர்களுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. அம்மாவைச் சேலத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது, பழைய மாணவர்கள் கூப்பிட்டால் நாமக்கல் கல்லூரிகளுக்குப் போய்வருவது, முகூர்த்த மாதங்களில் திருச்செங்கோட்டுக் கல்யாணங்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு நாளில் 120 கிலோமீட்டரைக் கடப்பது அபூர்வம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில் இத்தகைய ஓட்டத்துக்கு மின்சாரக் காரே உசிதம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தமிழ்நாட்டு அரசு 2023-இல் வெளியிட்ட மின்வாகனக் கொள்கையும், சென்னை, கோவை, திருச்சி, மதுரை, திருநெல்வேலி ஆகியவற்றோடு நம் சேலத்தையும் மின்வாகன நகரமாக வளர்க்கத்தக்க ஊராகக் குறித்திருக்கிறது.

புதிய காரின் விலை ஓய்வூதியக்காரனுக்கு எட்டாத தூரத்தில் நிற்கிறது. ஆனால் மூன்று வருஷம் ஓடிய மின்காரோ, அதே வயதுள்ள பெட்ரோல் காரைவிட வேகமாக விலை இறங்கிக் கிடக்கிறது. இதற்கு முக்கியக் காரணம் பயம்: பேட்டரி எப்போது கைவிடும், மாற்றுவதற்கு எவ்வளவு லட்சம் ஆகும் என்று யாருக்கும் தெரியாத பயம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டா இல்லையா என்பதை ஒவ்வொரு வண்டியிலும் தனித்தனியே அளந்து சொல்லிவிட முடியும் என்பதையும், அப்படி அளந்து சொல்பவர் அநேகமாக எவரும் இல்லை என்பதையும் இந்தச் சில வாரங்களாக விசாரித்து அறிந்துகொண்டிருக்கிறேன்.

வரியைப் பற்றியும் ஊரில் ஒரு மயக்கம் நிலவுகிறது. புது மின்காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதந்தானே, பழையதற்கு 18 சதவீதமாமே என்று பலர் கேட்கிறார்கள். சென்ற டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் விதித்த அந்த 18 சதவீதம், வியாபாரி வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலுள்ள லாபத்தின் மேல் மட்டுமே விழுவது. தனி மனிதரிடமிருந்து தனி மனிதர் வாங்கினால் அதுவும் கிடையாது.

சேலம், 23 ஏப்ரல், புதன்

ஐந்து ரோட்டிலிருந்து சற்றுத் தள்ளி, பழைய வண்டிகளைப் பரிசோதித்து அத்தாட்சிப் பத்திரத்துடன் விற்கும் ஷோரூம் ஒன்றுக்குப் போயிருந்தேன். குளிரூட்டிய கூடத்தில், பூமாலை போட்டாற்போல் மெருகேற்றி நிறுத்தியிருந்த வெள்ளை மின்கார் ஒன்றின் பத்திரத்தை வாங்கி நிதானமாகப் படித்தேன். பெயின்டின் கனம் இத்தனை மைக்ரான், டயரில் மிச்சமிருக்கும் பட்டன் இத்தனை மில்லிமீட்டர், ஏ.சி. காற்றின் உஷ்ணம் இவ்வளவு, கண்ணாடியில் கீறல் இல்லை என்று பக்கம் பக்கமாக நுணுக்கமான கணக்குகள். வண்டியின் விலையில் பெரும்பாகத்தைத் தன்னுள் அடக்கியிருக்கும் பேட்டரிக்கு மட்டும் ஒரு வரி, அதில் ஒரு சொல்: ‘சரி.’

"இதன் ஆரோக்கியம் நூற்றுக்கு எவ்வளவு, தம்பி? புதிதில் பிடித்த மின்சாரத்தில் இப்போது எவ்வளவு பிடிக்கிறது?" என்று கேட்டேன். விற்பனைப் பையன் மரியாதையுள்ளவன். "அதெல்லாம் கம்பெனி வாரண்டி இருக்குதுங்க சார், நீங்க பயப்படவே வேண்டாமுங்க" என்றான்.

வாரண்டி இருப்பது மெய்தான். டாட்டா நிறுவனம் நெக்ஸான், டிகோர் முதலிய மின்கார்களின் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் கொடுத்து விற்றது. ஆனால் அந்த எட்டு வருஷம் முதல் சொந்தக்காரர் வாங்கிய தேதியிலிருந்து எண்ணப்படுவது. இரண்டாம் கைக்கு அது மாறுமா, மாறுவதற்கு நிபந்தனை என்ன, சர்வீஸ் ஒன்று தவறியிருந்தால் செல்லுமா என்பவற்றை எழுத்தில் வாங்கிய பிறகே அதைப் பிரமாணமாகக் கொள்ளலாம். மேலும், பேட்டரி வருஷாவருஷம் சிறிது சிறிதாக க்ஷீணிப்பது இயற்கை என்று எல்லாக் கம்பெனிகளுமே எழுதிவைத்திருக்கின்றன. ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால்தான் அவர்கள் பொறுப்பு. அந்த எல்லைக்குச் சற்று மேலே நிற்கும் பேட்டரியை வாங்குகிறவனுக்கு வாரண்டியால் பிரயோஜனம் ஒன்றும் இல்லை. கார் வாங்குகிறவனுக்கு வேண்டியது எண். அதைத் தராத பத்திரம் எத்தனை பக்கம் இருந்தாலும் முக்கியமான பக்கம் காலியாகவே இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

நாமக்கல், 27 ஏப்ரல், ஞாயிறு

லாரிக்குப் பாடி கட்டுவதில் தேசமெங்கும் பேர்பெற்ற இந்த ஊரில் வண்டி பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் இல்லை. எனக்கு வெகுகாலமாகப் பழக்கமான பட்டறை மேஸ்திரி ஒருவர், எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்தச் சிலிண்டர் சோர்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர். ஆயில் குச்சியை உருவி விரலில் தேய்த்துப் பார்த்து, வண்டி எப்படி ஓட்டப்பட்டது என்று கண்டுபிடிப்பவர். அவரிடம் ஆலோசனை கேட்கப் போனேன்.

"ஏனுங்க வாத்தியாரே, எஞ்சினும் இல்லீங்க, ஆயிலும் இல்லீங்க, பொகையும் இல்லீங்க, நான் எதைய வெச்சுங்க பாக்கறது?" என்றார் அவர். சிறிது யோசித்துவிட்டு, "பேட்டரி அடியில தானுங்களே இருக்குது? குழிக்கு மேல நிறுத்துங்க, அடி வயித்தைப் பாத்துச் சொல்றனுங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த வார்த்தையின் அருமையை நான் உடனே உணர்ந்தேன். மின்காரின் பேட்டரி, தரைக்கும் இருக்கைக்கும் இடையே தட்டையான பெட்டியாக வண்டியின் வயிற்றில் கிடக்கிறது. நம் கிராமத்துச் சாலைகளில் அளவுக்கு மீறி உயர்த்திக் கட்டிய வேகத்தடைகள் உரசுவது அந்தப் பெட்டியைத்தான். அடித்தகட்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா, போல்ட்டுகளின் தலையில் ஸ்பானர் பட்ட தழும்பு உண்டா, ஆரஞ்சு நிற உயரழுத்த ஒயர்களின் இணைப்புகளில் வெள்ளத் தண்ணீர் நின்ற துரு இருக்கிறதா என்பதெல்லாம் லாரிப் பட்டறையின் குழிக்குள் இறங்கி விளக்கடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பேச்சுவாக்கில், மேஸ்திரியைப் பார்க்க வந்திருந்த ஆட்டோ கன்சல்டிங் புரோக்கர் ஒருவர், தில்லியிலிருந்து மின்கார்கள் மலிந்த விலைக்கு வரப்போகின்றன, கொஞ்சம் பொறுங்கள் என்றார். தில்லியிலும் பெங்களூரிலும் மின்கார்களை மட்டுமே வாடகைக்கு ஓட்டிவந்த புளூஸ்மார்ட் நிறுவனம், அதன் நிறுவனர்களே நடத்திய ஜென்சால் கம்பெனியின் மேல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி பிறப்பித்த உத்தரவை அடுத்து, இம்மாதத்தின் நடுவிலே தன் ஓட்டத்தை நிறுத்திவிட்டது. அந்த ஆயிரக்கணக்கான வண்டிகள் என்றாவது சந்தைக்கு வரும் என்பது அவர் கணக்கு. விலை மலிவாக இருக்கலாம். ஆனால் நாள் முழுவதும் ஓடி, அதிவேக டி.சி. சார்ஜரிலேயே பெரும்பாலும் மின்சாரம் ஏற்றப்பட்ட வாடகை வண்டிக்கும், ராத்திரியில் வீட்டுப் பிளக்கில் மெதுவாக ஏற்றப்பட்ட வண்டிக்கும் கிலோமீட்டர் கணக்கு ஒன்றாகவே இருந்தாலும் பேட்டரியின் வயது ஒன்றாக இராது. பச்சை நம்பர் பிளேட்டில் எழுத்து வாடகை வண்டிக்குரிய மஞ்சளாக இருந்ததா, சொந்த வண்டிக்குரிய வெள்ளையாக இருந்ததா என்பதை, வாடகைப் பதிவைச் சொந்தப் பதிவாக மாற்றியிருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையோடு, பழைய ஆர்.சி. வரை தேடிப் பார்ப்பது அவசியம்.

இராசிபுரம், 4 மே, ஞாயிறு

இன்று அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. காலை பத்து மணிக்கே திண்ணைச் சிமெண்டில் கால் வைக்க முடியவில்லை. இந்த வெயில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடைபட்ட ரசாயனத்தை என்ன செய்யும் என்ற கேள்விக்கு, அமெரிக்காவின் அரிஸோனா மாகாணம் முன்னமே பதில் சொல்லியிருக்கிறது. நிஸான் கம்பெனியின் லீஃப் என்னும் மின்காரில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு ஏதும் இல்லை. பீனிக்ஸ் நகரத்துப் பாலைவன வெப்பத்தில் அவ்வண்டிகள் சில, 2012-லேயே, வாங்கி அதிக நாள் ஆகுமுன் கொள்ளளவை இழந்து நின்றன. சொந்தக்காரர்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, கொள்ளளவுக்கும் சேர்த்து அந்தக் கம்பெனி உத்தரவாதம் தர நேர்ந்தது. ஆகையால் சேலத்துச் சமவெளியில் வாங்குகிறவன் முதலில் கேட்கவேண்டியது, பேட்டரியைச் சுற்றிக் குளிர்விக்கும் திரவம் ஓடுகிறதா, அதன் அளவு குறையாமல் பராமரிக்கப்பட்டதா என்பது.

அடுத்தது, உள்ளே இருக்கும் ரசாயனம் எது என்பது. நிக்கலும் கோபால்ட்டும் சேர்ந்த செல்களைவிட, இரும்பு-பாஸ்பேட் செல்கள் உஷ்ணத்தையும் அடிக்கடி ஏற்றி இறக்குவதையும் அதிகமாகத் தாங்குபவை; டாட்டாவின் மின்கார்கள் பலவற்றில் இருப்பவை இவையே. இந்த ரசாயனத்தின் சரித்திரத்தில் நம்மவர் ஒருவருக்கும் பங்கு உண்டு என்பது எனக்குப் பெருமை தரும் விஷயம். தமிழ்நாட்டின் அமராபுரம் என்னும் சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980-களில் ஜான் குட்இனஃப் என்னும் பேராசிரியரோடு சேர்ந்து இரும்பு சல்ஃபேட் போன்ற சேர்மங்களைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி, 1997-இல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் குட்இனஃபின் குழு வெளியிட்ட இரும்பு-பாஸ்பேட் மின்வாய்க்கு வழிகோலிற்று. 2019-இல் குட்இனஃப் தமது 97-ஆம் வயதில் நோபல் பரிசு பெற்றபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் சொற்பொழிவை நிகழ்த்தியவர் மந்திரமே.

எனினும் இரும்பு-பாஸ்பேட்டை அளப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மின்சாரம் பாதி தீர்ந்த பிறகும் அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய மாறாமலே நிற்பதால், எவ்வளவு மிச்சம் என்று வண்டியின் கணினி காட்டும் சதவீதம் நாளடைவில் வழுவிப்போகும். அவ்வப்போது நூறு சதவீதம் வரை மெதுவாக ஏற்றினால்தான் கணக்கு நேராகும். ஆதலால் பரீட்சைக்கு முன் ஒரு முறை முழுதும் ஏற்றச் சொல்லிவிட்டே போகவேண்டும்.

நாமக்கல், 10 மே, சனி

பரமத்தி ரோட்டில் ஒரு வங்கி அதிகாரியின் டிகோர் மின்கார். 2022 மாடல், சிங்கிள் ஓனர், 41,000 கிலோமீட்டர். புதிதில் 26 யூனிட் பிடிக்கும் பேட்டரி, ஏ.ஆர்.ஏ.ஐ. சோதனைச்சாலைக் கணக்கில் 306 கிலோமீட்டர் ஓடவேண்டியது, சாலையில் அதற்கு வெகுவாகக் குறையும். முந்தின நாளே முழுதும் ஏற்றி, பிறகு ஓட்டி 20 சதவீதத்துக்கு இறக்கி வைத்திருந்தார். அவருடைய போர்ட்டிகோவில் 15 ஆம்பியர் பிளக்குக்கும் சார்ஜருக்கும் நடுவே, வாடகைக் குடியிருப்புகளில் வைக்கும் சாதாரண சப்-மீட்டர் ஒன்றை எலெக்ட்ரீஷியன் பொருத்தினார்.

காலையில் செருகியது மாலையில் 100-ஐத் தொட்டபோது மீட்டர் 21.8 யூனிட் காட்டிற்று. மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்குவதிலும் சூட்டிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு வீணாகும் என்று கொண்டால், பேட்டரிக்குள் போனது ஏறத்தாழ 19.2 யூனிட், எண்பது சதவீதத்துக்கு அவ்வளவு என்றால் முழுமைக்கு 24, புதிதின் 26-இல் அது 92 சதவீதம். டாஷ்போர்டின் கீழுள்ள ஓ.பி.டி. துளையில் சிறு கருவியைச் செருகி, வண்டியின் கணினியே தன்னைப் பற்றி எழுதிவைத்திருக்கும் ஆரோக்கிய எண்ணைப் படித்தபோது அதுவும் 93 என்றது. தனித்தனியாகக் கிடைத்த இரண்டு சாட்சியங்கள் ஒத்துப்போனதில் எனக்கு உண்டான நிம்மதி கொஞ்சமல்ல. ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று அடக்கமாகக் கணக்கிட்டாலும் 160-க்குக் குறையாது.

பிறகு சொந்தக்காரரும் நானும் கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளி வரை ஓட்டிப்போய், எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் முதல் சிலவற்றை ஏறினோம். தனித்தனிச் செல்களின் மின்னழுத்தத்தைக் கைபேசியில் பார்த்துக்கொண்டே வந்தேன். நலிந்த செல் ஒன்று இருந்தால் இத்தகைய பாரத்தில் அது மற்றவற்றை முந்திக்கொண்டு சரிந்துவிடும். அப்படி எதுவும் சரியவில்லை. இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக நின்று, செலவழித்த மின்சாரத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தது. திரும்பும் வழியில் மேஸ்திரியின் குழி. அவர் விளக்கோடு கீழே இறங்கி வெகுநேரம் தட்டித் தடவிப் பார்த்துவிட்டு, "வலது பக்கம் ஒரு ஒரசல்ங்க, தகடு மட்டுந்தானுங்க, பொட்டி உள்ளார அமுங்கலீங்க. வாங்குங்க" என்றார்.

இராசிபுரம், 16 மே, வெள்ளி (வைகாசி 2)

விலை பேசி முடிந்தது. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29-உம் 30-உம் கையெழுத்தாயின. வங்கிக் கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35 சொந்தக்காரரே வாங்கிக் கொடுத்தார். இன்ஷூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் என் பெயருக்கு மாற்றவேண்டும். அவர் சேர்த்துவைத்த நோ-கிளெய்ம் சலுகை அவரோடேயே போய்விடும். வாரண்டி இரண்டாம் கைக்கு மாறும் என்பதைக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் எழுத்தில் பெற்று ஆர்.சி. நகலோடு வைத்துக்கொண்டேன்.

சேலத்து ஷோரூம் பையனுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். ஐரோப்பிய யூனியன் 2023-இல் செய்த சட்டத்தின்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே சந்தைக்கு வரும் ஒவ்வொரு மின்கார் பேட்டரிக்கும் அதன் பிறப்பையும் ரசாயனத்தையும் குறிக்கும் மின்னணுப் பாஸ்போர்ட் கட்டாயம் ஆகிறது. கல்யாணத்துக்கு ஜாதகம் கேட்கும் நம் ஊரில், லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்குகிறவன் பேட்டரியின் ஜாதகத்தைக் கேட்டால் அது நியாயமான கேள்விதானே என்றும், அத்தாட்சிப் பத்திரத்தின் முதல் பக்கத்தில், பரிசோதித்த தேதியோடும் முறையோடும், அந்த ஆரோக்கிய எண்ணை அச்சிடும்படி மேலாளரிடம் சொல்லவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அச்சிட்டால் நல்ல வண்டிக்கு நல்ல விலை கிடைக்கும், அவர்களுக்கும் லாபம்.

எலெக்ட்ரீஷியன் வந்து எர்த்தைச் சோதித்து, பழைய அலுமினிய ஒயரை எடுத்துவிட்டுச் செம்பு ஒயர் இழுத்திருக்கிறார். வீட்டின் லோடை உயர்த்துவதற்கான மனுவைத் திங்கட்கிழமை மின்வாரிய அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். வேப்பமரத்தடியில் ஓர் ஓலைப் பந்தல் போட ஆளும் சொல்லியாயிற்று.