லில்லியின் முதுகு சொன்னது

1973-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கிரிக்கெட் ஆடப்போன டெனிஸ் லில்லிக்கு வயது 23. ஆஸ்திரேலியாவே கொண்டாடிய வேகப்பந்து வீச்சாளர். அங்கேதான் முதுகு கைவிட்டது. கீழ் முதுகெலும்பில் அழுத்த முறிவுகள். உடம்பைச் சுற்றி ஆறு வாரம் மாவுக்கட்டு.

பெர்த்தில் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஃபிராங்க் பைக் அவருக்குக் கடுமையான மீட்புப் பயிற்சி வகுத்தார். இங்கிலாந்துக்கு எதிரான 1974-75 ஆஷஸ் தொடரில் லில்லி எடுத்தது 25 விக்கெட்.

அந்த மீட்சி அழகானதுதான். ஆனால் அதைவிடப் பெரிய வேலை பிறகு அதே பல்கலைக்கழகத்தில் நடந்தது: எலும்பு முறியும் முன்பே ஆபத்தைக் கண்டுபிடிக்க முடியாதா? ஆய்வாளர்கள் டேரில் ஃபாஸ்டர், புரூஸ் எலியட் குழுவினர் 82 இளம் வீச்சாளர்களைப் பக்கவாட்டிலும் தலைக்கு மேலிருந்தும் படம்பிடித்தார்கள். முன்கால் தரையில் இறங்கும் விசையைக் கருவியால் அளந்தார்கள். பிறகு ஒரு சீசன் முழுக்கப் பின்தொடர்ந்தார்கள்.

1989-ல் முடிவு வெளிவந்தது. 11 சதவீதம் பேருக்கு முதுகெலும்பில் அழுத்த முறிவு. அந்த 82 பேரின் சராசரி வயது பதினேழுகூட இல்லை! நெஞ்சு பதறுகிறது.

காரணங்களில் முக்கியமானது, ஓடிவந்து கால் ஊன்றும்போது இடுப்பு ஒரு பக்கமும் தோள் எதிர்ப்பக்கமும் திரும்பும் கலப்பு முறை. துணியைப் பிழிவதுபோல் முதுகு முறுக்கப்படுகிறது. இன்னொன்று, அளவுக்கு மீறிய ஓவர்கள். ஒரு பையன் வாரத்தில் எத்தனை பந்து போடுகிறான் என்று பயிற்சியாளர்கள் இன்று குறித்துவைப்பதற்குப் பின்னால், பெர்த்தில் நடந்த இந்தப் பொறுமையான அளவெடுப்பும் இருக்கிறது.