எங்கள் கணக்குப் பேராசிரியர்

'கணக்குப் பேராசிரியர்' என்று இவ்வூரில் சொன்னால், எவர் என்னும் மறுவினா எழுவதில்லை. 1960 முதல் 1994 வரை கல்லூரியில் கணிதம் கற்பித்து, ஓய்வுக்குப் பின்னும் தம் வீட்டுத் திண்ணையை வகுப்பறையாக்கிக் கொண்ட அப்பெருந்தகை சென்ற ஆண்டு வஃபாத்தானார். கணிதம் கற்பித்தவரைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணக்கூடும். அவரிடம் கணிதத்தில் இளநிலைப் பட்டம் பயின்று, பின்னர்த் தமிழுக்கு வந்தவன் நான். தமிழாய்வில் நான் கைக்கொள்ளும் ஒழுங்கு அவர் தந்தது. ஆதலின் இம்மலரில் எழுதுவதே முறை எனக் கருதுகிறேன்.

அன்னாரின் இரங்கல் கூட்டத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர், "இவ்வளவு அறிவுடையவர் இச்சிற்றூரில் முடங்கிவிட்டாரே" என்று மனம் வருந்திப் பேசினார். அன்பினால் எழுந்த சொல்தான். ஆயினும் அச்சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பேராசிரியரின் வாழ்வு வீணானது என்ற பொருள் அதனுள் மறைந்திருக்கிறது அல்லவா?

பெரியவர் அவ்வாறு எண்ணியதற்குக் காரணம் உண்டு. 1950களின் பிற்பகுதியில் பேராசிரியர் சென்னை இலயோலா கல்லூரியில் பயின்றவர். அங்கே அவருக்குக் கற்பித்தவர் அருட்தந்தை சார்லஸ் ரசீன். பிரெஞ்சு நாட்டவரான ரசீன், பாரிசில் எலீ கார்த்தான் என்னும் மாபெரும் கணித மேதையிடம் ஆய்வு செய்து 1934இல் முனைவர் பட்டம் பெற்றவர். 1937இல் இந்தியாவுக்கு வந்து, முதலில் திருச்சிராப்பள்ளியிலும், 1939 முதல் இலயோலாவிலும் கற்பித்தார். திறமையுள்ள மாணவரைப் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் செல்லுமாறு அவர் ஊக்குவித்தார். அவ்வாறு சென்றவர்களே சி. எஸ். சேஷாத்திரியும் எம். எஸ். நரசிம்மனும். 1965இல் அவ்விருவரும் நிறுவிய தேற்றம் இன்றும் உலகக் கணித அரங்கில் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. அதே ஆசிரியரிடம் பயின்ற நம் பேராசிரியரோ பம்பாய் செல்லவில்லை. இவ்வூருக்குத் திரும்பி வந்தார்.

வந்து என் செய்தார்? எங்கள் காலத்து மாணவருள் பலர் தமிழ்வழிப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. பேராசிரியர் ஒவ்வொரு தேற்றத்தையும் முதலில் நல்ல தமிழில் விளக்குவார். பொருள் மனத்தில் ஊன்றிய பின்னரே ஆங்கிலத்தில் எழுதச் சொல்வார். பின்னங்களைக் கண்டு அஞ்சும் சிற்றூர் மாணவரிடம், "320இல் ஒரு பங்கை முந்திரி என்றும், 80இல் ஒரு பங்கைக் காணி என்றும், 20இல் ஒரு பங்கை மா என்றும் பெயரிட்டு வாயாலேயே கணக்கிட்டவர் உன் பாட்டனார். நீ அஞ்சலாமா, தம்பி?" என்பார்.

அல்ஜிப்ரா என்னும் பெயரின் வரலாற்றையும் அவரே சொன்னார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் நூற்பெயரில் உள்ள 'அல்ஜப்ர்' என்ற அரபுச் சொல்லே அதன் மூலம். முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அச்சொல் வழங்கும். இது கேட்டு நாங்கள் பெருமிதத்தோடு கைதட்டியபோது, "அவர் இந்திய எண்முறையைக் கற்று அதைப் பற்றியும் நூல் எழுதியவர். கற்றதனால் பெரியவரானார். கைதட்டுவதற்கு மதிப்பெண் கிடையாது" என்று சிரித்தார்.

அவர் நடத்திய பாடங்களுள் என் வாழ்வில் நிலைத்து நிற்பது ஒன்று. பகா எண்களுக்கு முடிவில்லை என்பதை யூக்ளிட் நிறுவிய முறையை விளக்கினார். முதல் பகா எண்களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டச் சொன்னார். 2உடன் 1 கூட்ட 3. 2, 3 ஆகியவற்றின் பெருக்கத்துடன் 1 கூட்ட 7. இவ்வாறே 31, 211, 2311 என வந்தன. ஐந்தும் பகா எண்கள். "எப்போதும் பகா எண்தான் வரும்" என்று வகுப்பே ஒருமித்து முழங்கியது. அவர் மறுமொழி கூறாமல் அடுத்ததைப் பெருக்கச் சொன்னார். 30031 வந்தது. சற்றுநேரம் எங்களைத் தேடவிட்டுப் பின் கரும்பலகையில் எழுதினார்: 59 × 509. வகுப்பு அமைதியாயிற்று. "ஐந்து முறை மெய்யானது ஆறாம் முறையும் மெய்யாகும் என்று உமக்கு யார் சொன்னது? யூக்ளிட் அப்படிச் சொல்லவில்லை. அந்த எண்ணைப் பழைய பகா எண்கள் எவையும் மீதியின்றி வகுக்கமாட்டா. ஆகவே நம் பட்டியலில் இல்லாத பகா எண் ஒன்று உண்டு. அவ்வளவே அவர் சொன்னது. நிறுவப்பட்ட அளவுக்கு மேல் ஓர் அடியும் எடுத்து வைக்காதீர்கள்" என்றார்.

ஐந்து பாடல்களைச் சான்றுகாட்டி ஒரு காலத்து மக்களின் வாழ்வையே முடிவுசெய்ய என் பேனா விரையும்போதெல்லாம் 30031 என்ற எண் குறுக்கே வந்து நிற்கிறது. காதில் விழுந்த செய்தியை மெய்யென நம்பி ஒருவரைப் பழிக்க நா எழும்போதும் அவ்வெண்ணே தடுக்கிறது. ஆய்வுக்கு மட்டுமன்றி ஊர் வாழ்வுக்கும் உரிய பாடம் அது.

பம்பாய்க்கு ஏன் செல்லவில்லை என்று ஒருமுறை அவரையே கேட்டேன். "சென்றவர்கள் புதிய தேற்றம் கண்டார்கள். அதைப் படிப்பதற்கு ஆள் வேண்டாமா, தம்பி?" என்றார். ரசீன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சென்னை மாணவருக்கே ஈந்து 1976இல் மறைந்தார். பாரிசில் கற்றதைச் சென்னைக்குக் கொணர்ந்தவரிடம் பயின்றவர், சென்னையில் கற்றதை இவ்வூருக்குக் கொணர்ந்தார். ஆசிரியரின் வழியில் மாணவர் நடந்தார் என்பதன்றி, இதில் முடக்கம் எங்கே இருக்கிறது?

அவரிடம் பயின்றோர் இன்று பள்ளி ஆசிரியர்களாகவும், வங்கி அலுவலர்களாகவும், வளைகுடா நாடுகளில் கணக்கர்களாகவும் இருக்கின்றனர். அவர் பெயரால் வழங்கும் தேற்றம் எதுவும் இல்லை. ஆனால் "நிறுவுக" என்று கேட்கும் பழக்கம் இவ்வூர் இல்லங்கள் பலவற்றில் இன்றும் வழங்குகிறது. மாணவச் செல்வங்கள் அப்பழக்கத்தை இக்கல்லூரியில் தொடர்ந்து பேணுவார்களாயின், அதுவே அவருக்குச் செய்யும் நன்றிக்கடன். இறைவன் அன்னாரின் மண்ணறையை ஒளிபெறச் செய்வானாக!