ஓட்டைக் காடி

பத்து பாகாட் பட்டணத்துத் தமிழர்க்கு மோட்டார் என்றால் 'காடி'. அக்காடிக்கு வயதேறிவிட்டாலோ பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஓட்டைக் காடி, டப்பா, தகர டப்பா, லொடலொட்டை. தமிழ்நாட்டுப் படங்களின் தயவில் காயலான் கடைச் சரக்கு. மலாய்க்காரர் 'கெரேத்தா பூரோக்' என்பர். அந்தக் கெரேத்தாவும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல்லேயாம்.

காயலான் கடை என்பது, பழைய இரும்பு வாங்கி விற்ற காயல்பட்டினத்து முஸ்லிம் வணிகரால் வந்த பெயர் என்பர். கடல்கடந்து வாணிபம் செய்த ஓர் ஊரின் பெயரைத் துருவுக்குச் சூட்டிவிட்ட நம் நாவின் துணிவே துணிவு!

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்ட போர்டு 'மாடல் டி' வண்டியை அமெரிக்கர் 'டின் லிஸ்ஸி' என்றனர். நம் தகர டப்பாவுக்கு அது அக்காள் முறை. ஆயினும் அதில் அன்பு கலந்திருந்தது. குடியானவனும் வாங்கக்கூடிய வண்டியல்லவா அது? 2009-ல் அதே நாட்டரசு, பழையதைக் கொடுத்துப் புதியது வாங்குவோர்க்கு 3,500 அல்லது 4,500 டாலர் அளித்தது. சட்டம் இட்ட பெயர் வேறாயினும், 'கிளங்கர்' என்னும் கேலிச்சொல்லாலேயே உலகம் அதை அறிந்தது. அவ்வாண்டே மலேசியாவிலும் பத்தாண்டு கடந்த வண்டியைக் கைவிடுவோர்க்கு 5,000 வெள்ளி தள்ளுபடி அறிவித்தனர். மீதித் தொகைக்கு மாதத் தவணை கட்டுபவர் யார்?

1985-ல் வெளிவந்த புரோட்டோன் சாகாவின் மூத்த உருப்படிகள் தோட்டப்புறங்களில் இன்னும் உயிரோடிருக்கின்றன. அதிகாலையில் வேலைக்கும், பின்னர் பிள்ளைகளோடு பள்ளிக்கும், இரவில் நோயாளியோடு மருத்துவமனைக்கும் செல்வது அவையே. "டப்பா வருது!" என்று கடைத்தெருவில் எவரோ சிரிக்கின்றார். சில நாளில் அப்பெயர் வண்டியைவிட்டு இறங்கி உடையவர்மீது ஏறிக்கொள்ளும். அவர் 'டப்பாக்காரர்' ஆகிவிடுவார். பள்ளி வாயிலுக்கு நூறடி முன்னரே "இங்கேயே இறக்கி விடுங்கப்பா" என்னும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கின்றோம். அப்போது தகப்பனார் முகத்தைக் காணாதிருப்பதே நலம்.

உடையவரும் சிலவேளை அச்சிரிப்பிற் கலந்துகொள்வதுதான் நமக்கு அச்சந் தருகின்றது. பிரேக் சரியாய்ப் பிடிக்கவில்லை என்றால், "டப்பா தானே, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். பிறகு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து முன்னால் கட்டுகின்றார். சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்க வேறு நான்கு பழங்கள். வாரந்தோறும் இப்பழத்திற்கு இறைக்கும் காசைச் சேர்த்துவைத்தால் பிரேக் கட்டை மாற்றிவிடலாமே! ஆயர் ஈத்தாம் சாலையில் முன்னே செல்லும் செம்பனை லோரி திடீரென நின்றுவிட்டால், எந்த எலுமிச்சம்பழம் காலைக் கொடுத்து வண்டியை நிறுத்தப் போகின்றது?